மின்கலம் கடைசியில் வரட்டும்

பழைய பாய்மரப் படகு ஒன்றின் மின் அமைப்பைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் எதை வாங்குவது? படகு வைத்திருப்பவர்களில் பலரும் சற்றும் தயங்காமல் ‘லித்தியம் மின்கலம்’ என்றே சொல்வார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறானது. மின்கலம்தான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்!

பாய்மரப் படகுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்து, இன்று மின்னியல் பொறியியல் பயிலும் மாணவன் நான். தொழிற்பயிற்சிக்காக லங்காவியில் படகு மின்வேலை செய்யும் ஒரு சிறிய பட்டறையில் சில மாதங்கள் இருந்தேன். குவாவிலும் தெலாகா துறையிலும் ரெபாக் தீவிலும் வந்து நிற்கும் படகுகள் பலருக்கு வெறும் பொழுதுபோக்குச் சாதனங்கள் அல்ல. குடும்பத்தோடு வாழும் வீடுகள். அந்த வீட்டில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. நடுக்கடலில் விளக்கு அணைந்தால் பக்கத்து வீட்டில் மெழுகுவர்த்தி கேட்க முடியாது. ஆகவே, இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

லித்தியத்தின் மீது மக்களுக்கு ஏன் இந்த மோகம்? காரணம் இல்லாமல் இல்லை. ஈய-அமில மின்கலத்தை 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அது இன்றும் உழைக்கிறது. ஆனால், 100 ஆம்பியர்-மணி கொள்ளளவில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்த முடியும். அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். படகுகளில் இன்று பொருத்தப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்திலோ எண்பது விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாம். எடை ஏறத்தாழ பாதி. ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றலாம்.

இந்த வகை மின்கலத்தின் வரலாற்றில் ஒரு தமிழரின் பங்கும் உண்டு என்பது நமக்குப் பெருமை. தமிழ்நாட்டில் பிறந்து மதுரையில் பட்டம் படித்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், 1980களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபுடன் இணைந்து செய்த ஆய்வுகள் இதற்கு வழி திறந்தவற்றுள் அடங்கும். 2019இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் இவரே.

அப்படியிருக்க, இவ்வளவு நல்ல பொருளை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும்?

முதலாவது, கணக்கு. நங்கூரமிட்ட படகில் இரவு முழுதும் விளக்கு எரிய வேண்டும். நம் வட்டாரத்தில் ஆண்டு முழுதும் இரவு ஏறத்தாழ 12 மணி நேரம். பழைய 25 வாட் மின்குமிழ் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஓர் இரவுக்கு 25 ஆம்பியர்-மணி! அதே வேலையை 2.5 வாட் எல்.இ.டி. விளக்கு 2.5 ஆம்பியர்-மணியில் முடித்துவிடும். ஈய-அமில மின்கலத்தில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதை நினைவில் கொண்டால், ஒரே ஒரு விளக்கை மாற்றுவது ஏறத்தாழ 45 ஆம்பியர்-மணி மின்கலத்தைக் கூடுதலாக வாங்குவதற்குச் சமம். ஓடும்போது 5 ஆம்பியர் இழுத்து, நாளில் பாதி நேரம் ஓடும் குளிர்பதனப் பெட்டி 60 ஆம்பியர்-மணியை விழுங்கும். அதன் கதவின் ரப்பரைச் சரிசெய்து, சுவரின் வெப்பக்காப்பைக் கூட்டினாலே இந்த அளவு இறங்கும். தேவையை எண்ணிப் பார்க்காமல் மின்கலம் வாங்குவது, ஓட்டைப் பானைக்குப் பெரிய கிணறு வெட்டுவது போன்றதே.

இரண்டாவது, கம்பியும் ஃபியூஸும். உப்புக் காற்றில் வெறும் செம்புக் கம்பி உறைக்குள்ளேயே கறுத்துப் போகும், மின்தடை கூடும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது படிவம் ஐந்து இயற்பியல். அதனால்தான் படகுகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி தேவைப்படுகிறது. மின்கலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் படகுத் தர விதியின் பொதுக் கட்டளை. கம்பி உறைக்குள் சென்றால் சற்றுத் தளர்வு உண்டு. இயந்திரத்தைக் கிளப்பும் கம்பிக்கு விலக்கு உண்டு. லித்தியம் மின்கலத்தில் குறுக்கு மின்சுற்று ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃபியூஸ் அதை அறுக்க முடியாமல் போகலாம். 20,000 ஆம்பியர் வரை அறுக்கக்கூடிய டி-வகை ஃபியூஸ் இதற்காகவே பரிந்துரைக்கப்படுகிறது.

மூன்றாவது, மின்னேற்றம். ஈய-அமில மின்கலம் நிறைய நிறைய, வாங்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படியல்ல; நிறையும் தறுவாய் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். இயந்திரத்தோடு சுழலும் ஆல்டர்னேட்டர் ஓய்வின்றி முழுத்திறனில் உழைத்துச் சூடேறிக் கருகும். போதாக்குறைக்கு, மின்கலத்துக்குள் இருக்கும் காவல் சாதனமான பி.எம்.எஸ். திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடுகளையும் மற்றக் கருவிகளையும் பாழாக்கலாம். மலாக்கா நீரிணையில், கப்பல்களுக்கு நடுவே, நள்ளிரவில் விளக்கும் வானொலியும் ஒரே நொடியில் அணைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னேற்றியும், இயந்திரத்தைக் கிளப்பத் தனியாக ஓர் ஈய-அமில மின்கலமும் இருந்தால் இந்த ஆபத்துகள் பெரும்பாலும் விலகும்.

ஒரு முறை, இணையத்தில் வாங்கிய இரண்டு லித்தியம் மின்கலங்களோடு ஒருவர் பட்டறைக்கு வந்தார். மறுநாள் பூக்கெட்டுக்குப் புறப்பட வேண்டும், பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும் என்றார். எங்கள் மேற்பார்வையாளர் அண்ணன் படகின் தரைப்பலகையைத் தூக்கி, முதன்மைக் கம்பியின் நுனியை வெட்டிக் காட்டினார். உள்ளே செம்பு கரியாக இருந்தது. ஃபியூஸ் எங்குமே இல்லை. “பேட்டரிய கடைசியா பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல வயர பாரு,” என்று என்னிடம் சொன்னார். வேலை ஒன்பது நாள் பிடித்தது. வாடிக்கையாளருக்குக் கோபம்தான். ஆனால், அன்று ‘சரி’ என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், அந்தக் கம்பியோடுதான் அவர் கடலுக்குப் போயிருப்பார்.

மறுப்புச் சொல்பவர்களும் உண்டு. “பி.எம்.எஸ். இருக்கிறதே, பின் என்ன பயம்?” என்பார்கள். பி.எம்.எஸ். மின்கலத்தைக் காக்கும், படகில் ஓடும் கம்பிகளைக் காப்பது ஃபியூஸ். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தைத் தாங்கும் என்பதும் உண்மைதான். ஆனால், தீப்பிடிக்க மின்கலமே எரிய வேண்டியதில்லை, அளவுமீறிச் சூடான ஒரு கம்பி போதும். செலவு கூடும் என்பது அடுத்த வாதம். விளக்கும் ஃபியூஸும் மின்கலத்தைவிட மலிவு. தேவையைக் குறைத்த பிறகு, முதலில் நினைத்ததைவிடச் சிறிய மின்கலமே போதும் என்று தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படகு லித்தியம் மின்கலங்களுக்கென்றே அனைத்துலகத் தர அமைப்பு 2021இலும், அமெரிக்கப் படகுத் தர மன்றம் 2022இலும் தனி ஆவணங்கள் வெளியிட்டுள்ளன. ஏட்டில் விதி இருந்தால் போதுமா? லித்தியம் பொருத்தும் ஒவ்வொரு பட்டறையும் முதலில் கம்பிகளைச் சோதித்து, எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும். அதற்கு இணங்காத வேலையை மறுக்க வேண்டும்.

பொறியியலும் தொழில்நுட்பமும் பயிலும் நண்பர்களே, நாளை நம்மிடம் வருபவர் படகோடு வரலாம். கூரையில் சூரியத் தகடு பொருத்திய வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவர் கேட்டதை மட்டும் பொருத்திக் கொடுப்பது வியாபாரம். பலகைக்கு அடியில் இருப்பதையும் பார்த்து, தேவைப்பட்டால் ‘முடியாது’ என்று சொல்வதே பொறியியல். சுவர் இருந்தால்தான் சித்திரம். முதலில் சுவரைப் பார்ப்போம்!