பாலாற்றங்கரை சரிவது இயற்கைச் சீற்றமா?



2024 டிசம்பர் 1-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலை சரிந்து, வீடு மூடி 7 பேர் செத்தார்கள். 5 பேர் குழந்தைகள். காஞ்சிபுரத்தில் மலை இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். சரிவதற்கு மலை வேண்டாம், செங்குத்தாய் வெட்டின ஆற்றங்கரை போதும்.

காய்ந்த மணலைக் கொட்டிப் பாருங்க, 35 டிகிரி சாய்வுக்கு மேல் நிற்காது. அதைக் கரையோரம் பொக்லைன் விட்டு சுவர் மாதிரி வெட்டினால் எத்தனை நாள் தாங்கும்? வெள்ளம் நிறைந்து ஓடும்வரை ஆத்துத் தண்ணியே கரையை முட்டுக் கொடுத்து நிறுத்தும். வடியும்போதுதான் வினை. ஆறு சட்டென்று இறங்கிவிடும், கரைக்குள் ஊறின தண்ணி இறங்காது. கனத்த மண் பிடிப்பு விட்டு, தென்னையோடு பம்புசெட்டோடு உள்ளே போகும். அப்புறம் வந்து பார்க்கிறவர்கள் 'வெள்ளம் அரித்தது' என்று எழுதிக்கொண்டு போவார்கள். வெட்டினதை யார் எழுதுவது?

2003 முதல் தமிழ்நாட்டில் ஆற்றுமணல் குவாரி அரசாங்கத்தின் கையில். பதிலும் அரசாங்கம்தான் சொல்லணும். நாங்கள் கேட்பது:

வெட்டின கரையைச் சாய்த்துக் கட்டு!
கரை நெடுக நாணலும் வெட்டிவேரும் நடு!
ஆத்தோடு போன பட்டா நிலத்துக்கு நஷ்டஈடு கொடு!

கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு, சர்வே நம்பரும் பட்டா நகலும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வாங்க.