பிள்ளைகள் வரையும் விஞ்ஞானம்

கொழும்பிலே விஞ்ஞானம் பயிலும் தமிழ்ப் பிள்ளை அந்தப் பாடத்தில் என்ன செய்கிறது? கேட்கிறது. பாடசாலையில் ஓர் ஆசிரியர் சொல்லக் கேட்கிறது; மாலையில் வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் நடக்கும் ரியூசன் வகுப்பில் வேறொருவர் சொல்லக் கேட்கிறது; இரவில் கைத்தொலைபேசித் திரையிலே மூன்றாமவர் ஒருவர் சொல்லக் கேட்கிறது. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். கட்டணம் சற்றுக் குறையலாம், ஒரு வாங்கிலில் நெருங்கி உட்காரும் பிள்ளைகளின் தொகை சற்றுக் கூடலாம். ஆண்டுக்கணக்காகக் காதாகவே வாழ்ந்த பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்திலே சில மணி நேரம் மாத்திரம் கை முளைக்கிறது.

பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தாமே அசையும் படமாக வரைந்தும் பாட்டாக இசைத்தும் கற்க வேண்டும், கற்றதை அதே படத்தாலும் பாட்டாலும் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று நாம் கூறும்போது நமது ஆசிரிய நண்பர்களிற் சிலர் புன்முறுவல் செய்கின்றனர். பொம்மை வரைவது சித்திர பாடத்துக்கு உரியது, பாடுவது கலைவிழாவுக்கு உரியது, விஞ்ஞானத்துக்கு உரியது கடந்தகால வினாத்தாள் என்பது அவர்கள் எண்ணம். பெற்றோரோ அஞ்சுகின்றனர். அவர்களுடைய அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. துறைமுகத்திலோ புறக்கோட்டைக் கடையிலோ உழைத்து வீடு திரும்பும் தகப்பனுக்கு, தன் பிள்ளை ஏறக்கூடிய ஒரே படிக்கட்டு க.பொ.த. பரீட்சைதான் என்பது கற்பனை அன்று, இந்நாட்டின் நடைமுறை. நமது சண்டை அவருடன் அன்று. அவருடைய அச்சத்தையே முதலாக இட்டு வாணிபம் நடத்துவோருடனும், அந்த வாணிபத்துக்குக் கல்வித் தத்துவம் என்று பெயர் சூட்டுவோருடனுமே.

பொம்மை வரைவது விஞ்ஞானமா என்று கேட்போர், விழும் பந்து ஒன்றை வரைந்து பார்க்கட்டும். கொப்பியின் மூலையில், பக்கத்துக்கு ஒரு படமாக, மாடியிலிருந்து நழுவும் பந்தை வரைய வேண்டும். பின்னர் பக்கங்களைப் பெருவிரலால் விரைவாகத் தட்டினால் பந்து விழுவது தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் முதன்முறை என்ன செய்வார்கள்? பக்கத்துக்குப் பக்கம் சம இடைவெளி விட்டு வரைவார்கள். தட்டிப் பார்த்தால் பந்து விழாது. கிணற்றில் வாளி இறக்குவதுபோல மெல்ல இறங்கும். பிழை என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. வரைந்த பிள்ளையின் கண்ணே சொல்லிவிடும். எங்கே பிழை? இடைவெளிகள் வளர வேண்டும். எவ்வளவு வளர வேண்டும்? செக்கனுக்குப் பன்னிரண்டு படம் என்று கொண்டால், முதலாவது இடைவெளி ஏறத்தாழ 3.4 சென்ரிமீற்றர், அடுத்தது 10.2, அதற்கடுத்தது 17, அப்பால் 23.8. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்னும் ஒற்றை எண் வரிசை அது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவிய விதி, கொப்பியின் மூலையில் வந்து நிற்கிறது. ‘ஆர்முடுகல்’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கேட்டால் நமது மாணவர் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். அந்தச் சொல் பந்தின் இரண்டு படங்களுக்கு நடுவே எங்கே இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் விரல் வைத்துக் காட்டுவார்கள்?

பாடநூலில் உள்ள படம் தொடக்கத்தையும் முடிவையும் காட்டிவிட்டு அம்புக்குறியொன்றால் நடுவிலுள்ளதைக் கடந்துவிடுகிறது. அசையும் படம் வரைபவனுக்கு அந்த அம்புக்குறிச் சலுகை இல்லை. கலம் ஒன்று இரண்டாகப் பிரிவதை வரைவதாயினும், இதயத்தின் வால்வு மூடித் திறப்பதை வரைவதாயினும், நடுவில் நடப்பது ஒவ்வொன்றையும் அவன் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யத் தெரியாத இடத்தில் கை நின்றுவிடும். எது தெரியவில்லை என்பது அப்போது வெளிச்சமாகும். நமது நாட்டில் பௌர்ணமிதோறும் போயா விடுமுறை. அவ்வாறிருந்தும், பிறை தேய்வது பூமியின் நிழல் விழுவதால் என்று நம்பும் பெரியவர்களை நாம் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறோம். சூரியனை ஒரு பக்கத்தில் நிறுத்திச் சந்திரனைப் பூமியைச் சுற்றிப் படிப்படியாக நகர்த்தி வரையும் பிள்ளை இந்த மயக்கத்தில் நீடிக்க இயலாது. பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்ப்புறத்திலேதான் கிடக்கிறது. அரைச் சந்திரன் நிற்கும் இடத்துக்கு அது எட்டுவதேயில்லை.

பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு. மூலகங்களின் பெயர்களைச் சினிமா மெட்டில் அடுக்கிப் பாடுவதை ‘இசைவழி விஞ்ஞானம்’ என்று சிலர் மேடையேற்றுகின்றனர். மனனத்துக்கு அது உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் அது பழைய ஒப்புவித்தலுக்குக் கட்டிய புதுச் சலங்கை. இசையே விஞ்ஞானத்தின் பொருளாகும் இடம் ஒன்று உண்டு. அங்கே நமது பிள்ளைகளை ஒருவரும் அழைத்துச் செல்வதில்லை.

வெள்ளவத்தையில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் பயில்கின்றனர்! வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தரம் தரமாகத் தோற்றுகின்றனர். சுருதி அரை இழை விலகினாலும் முகம் சுளிக்கும் காது அவர்களுக்கு உண்டு. அதே பிள்ளைகள் பௌதிக வகுப்பில் மீடிறன் என்ற சொல்லைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடுகின்றனர். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேற்சட்சம், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம் என்பதைப் பாட்டு ஆசிரியரும் சொல்லவில்லை, பௌதிக ஆசிரியரும் சொல்லவில்லை. ஒரே உண்மையை இருவரும் பாதி பாதியாகப் பிரித்து வைத்துத் தனித்தனிக் கட்டணம் வாங்குகின்றனர்.

1842இல் டொப்ளர் ஒரு கருத்தை வெளியிட்டார்: ஒலி எழுப்பும் பொருள் நம்மை நெருங்கும்போது சுருதி உயரும், விலகும்போது தாழும். அதை ஒல்லாந்து விஞ்ஞானி பைஸ் பலோ 1845இல் எவ்வாறு சோதித்தார்? ஊதுகுழற்காரரைப் புகையிரதத்தில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் செய்தார். தண்டவாளத்தருகே தேர்ந்த காதுடைய இசைவாணரை நிறுத்திக் கேட்கச் செய்தார். இசைக் கலைஞரின் காதே அங்கு ஆய்வுகூடக் கருவியாயிற்று. வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்தில் நின்றாற் போதும், கடலோரமாக வரும் புகையிரதம் ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும். மணிக்கு 54 கிலோமீற்றர் வேகம் என்று கொள்வோம். நெருங்கி வரும்போது கேட்ட சுருதிக்கும் விலகிச் செல்லும்போது கேட்கும் சுருதிக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.09. சட்சத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்கும் சதுச்சுருதி ரிஷபத்துக்கும் இடைப்பட்ட தூரம் அது. பாட்டுப் படித்த பதின்மூன்று வயதுச் சிறுமி அந்த வீழ்ச்சியைத் தன் குரலிலே பாடிக் காட்டிவிடுவாள்; அதிலிருந்து புகையிரதத்தின் வேகத்தையும் கணித்துவிடலாம். அவளுக்குத் தேவை ஒரு கைத்தொலைபேசி, ஒரு தம்புரா, கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியர்.

இதெல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று ஒதுக்குவோருக்கு விபுலாநந்தரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்தவர்; 1916இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானவர்; 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி இதே கொழும்பிலே கற்பித்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய ‘யாழ் நூல்’ வழக்கொழிந்த ஓர் இசைக் கருவியை இலக்கியச் சான்றாலும் கணித விகிதங்களாலும் மீட்டெடுக்க முனைந்த நூல். அவருடைய படத்துக்கு மாலையிடும் விழாக்களுக்கு நமது நகரில் குறைவில்லை. இசையும் கணிதமும் ஒரே மேசையில் அமர்ந்த அந்த முறையைத்தான் வகுப்பறை வாசலிலே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இனி, மறுபக்கத்து எதிரிகளைப் பற்றி. இவர்கள் அசைவூட்டப் படத்தை வெறுப்பவர்கள் அல்லர், விற்பவர்கள். பளபளக்கும் படங்கள், பின்னணி இசை, மாதச் சந்தா. “பிள்ளை இருந்த இடத்தில் இருந்து பார்த்தாற் போதும்” என்பதே இவர்களுடைய பெருமை. நமது குற்றச்சாட்டும் அதுவேதான். பந்து சரியாக விழும் படத்தை நூறு முறை பார்த்த பிள்ளைக்கு, அது ஏன் சரியாக விழுகிறது என்று கேட்கத் தோன்றாது. மொழிச் சிக்கலும் உண்டு. தமிழகத்துப் படத்தில் ஒளிச்சேர்க்கை, ஆக்சிஜன், அதிர்வெண், முடுக்கம். நமது பாடநூலில் ஒளித்தொகுப்பு, ஒட்சிசன், மீடிறன், ஆர்முடுகல். இரண்டும் நல்ல தமிழே. எது உயர்ந்தது என்னும் வழக்கில் நாம் இறங்கப்போவதில்லை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளை இவை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்று எண்ணிக் குழம்புகிறது. மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1864 முதல் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த மண் இது. விஞ்ஞானத்தைத் தன் சொல்லில் சொல்லும் மரபு உள்ள சமூகத்தின் பிள்ளைகள், பிறர் சொல்லுக்கு உதடசைப்பவர்களாக மாறுவது வெட்கத்துக்குரியது.

பிள்ளைகளாற் செய்ய இயலுமா என்ற ஐயத்துக்கு அயலிலேயே விடை இருக்கிறது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து விஞ்ஞானத்தைப் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகக் கொண்டு சென்றது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அறிவொளி நாட்களில் தெருமுனைப் பாடல்களால் எழுத்தறிவையும் விஞ்ஞான நோக்கையும் சேர்த்தே பரப்பிற்று. கேரள அரசு 2018இல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் கழகங்களைத் தொடங்கியது. ஏறத்தாழ 2000 பாடசாலைகளில் இலட்சம் அளவிலான பிள்ளைகள் இலவச மென்பொருள்களைக் கொண்டு அசைவூட்டம் முதலியவற்றைப் பயிலலாயினர். தனியார் கொடையால் அன்று, பொதுப் பள்ளிக்கூடத்தின் வழியாக. நியூயோர்க்கில் 2013இல் பத்துப் பொதுப் பாடசாலைகளின் மாணவர், தமது தெருக்களில் வழங்கும் ராப் பாட்டு வடிவத்திலே விஞ்ஞானத்தை எழுதிப் பாடினர். கல்வியாளர் கிறிஸ்தோபர் எம்டினும் ராப் கலைஞர் ஜிசாவும் அதற்கு வழி செய்தனர்.

நமது நாட்டிலோ கருவி கையிலிருந்தும் பயனில்லை. மாசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘ஸ்கிராச்’ இலவசமானது. இடைநிலை வகுப்புகளுக்கான அரசாங்கத் தகவல் தொழினுட்பப் பாடநூலிலே இடம்பெறுவது. அந்தப் பாடவேளையில் பிள்ளை திரையில் ஒரு பூனையை நடக்கச் செய்கிறது. அடுத்த பாடவேளையில் விஞ்ஞான ஆசிரியர் வந்து, சந்திரன் பூமியைச் சுற்றுவதைக் கரும்பலகையில் அசையாத வட்டமாக வரைகிறார். பூனைக்குப் பதிலாகச் சந்திரனை நடக்க விட்டால் என்ன என்று இரண்டு ஆசிரியரும் பேசிக்கொள்ளும் நேரம் நேரசூசியில் இல்லை. அதிபர்மார் சிலரிடம் கணினி அறையின் திறப்பு, கோயிற் பண்டாரத் திறப்பைப்போலப் பத்திரமாக இருக்கிறது. விருந்தினர் வரும் நாளில் அறை திறக்கப்படும். விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றிலே, மாணவன் பெயர் பொறித்த அசைவூட்டப் படத்தைக் கண்டு மகிழ்ந்து, நடுவே ஒரு படத்தை நிறுத்தி விளக்கம் கேட்டோம். கடையில் காசு கொடுத்துச் செய்வித்தது என்று அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது. பிள்ளை பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவர்கள் அதைச் சுற்றி நின்ற நாமெல்லாம்.

வசதி இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. 1945இல் கன்னங்கரா பெற்றுத்தந்த இலவசக் கல்வி, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனிக் கணினியுடன் இருக்கும் பிள்ளையையும், கொட்டாஞ்சேனைத் தோட்டத்து ஓரறை வீட்டில் தகப்பனின் கைத்தொலைபேசிக்காக இரவுவரை காத்திருக்கும் பிள்ளையையும் ஒரே வாங்கிலில் அமர்த்துவதாக வாக்களித்தது. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது அந்த வாக்கின் மதிப்பு என்னவென்று கண்டோம். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. ஆகவேதான் கொப்பி மூலையிலிருந்து தொடங்கினோம். எழுதி முடிந்த பழைய கொப்பியின் ஓரமும் ஒரு பென்சிலும் போதும். நீர் நிரப்பிய போத்தல்கள் ஏழு இருந்தால் இசை வகுப்பும் நடக்கும். இதைச் சொல்வதால் அரசு கணினி கொடுக்கத் தேவையில்லை என்று ஒருவரும் பொருள் கொள்ளலாகாது. பூட்டிய அறை திறக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்குரிய உரிமை, கொப்பி மூலையில் படம் ஓட்டிய பிள்ளைக்கே முதலில் உறுதியாகத் தோன்றும்.

கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே தெருவில் பந்து விளையாடிவிட்டு, மறுநாட் காலையில் வெவ்வேறு மொழி வகுப்புகளுக்குள் நுழைகின்றனர். விழும் பந்துக்கு மொழி இல்லை. ஒரே படத்துக்கு ஒருவன் தமிழிலும் மற்றவன் சிங்களத்திலும் குரல் கொடுக்கலாம். அப்பணியில் ஒருவன் மற்றவனிடம், ‘ஆர்முடுகலுக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?’ என்று கேட்டாக வேண்டும். கல்வித் திணைக்களத்தின் நல்லிணக்கச் சுற்றறிக்கைகளைவிட அந்தக் கேள்வியில் நமக்கு நம்பிக்கை அதிகம்.

தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கும்வரை, வகுப்புகள் கலைந்து வெறுமனே கழியும் நாட்கள் எல்லாப் பாடசாலைகளிலும் உண்டு. அந்த நாட்களை விஞ்ஞான ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் சித்திர ஆசிரியரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளட்டும். பாடத்திட்டம் குறுக்கே நிற்கிறது என்று சொல்ல அப்போது எவருக்கும் இடமில்லை. கிண்ணமும் சான்றிதழும் வேண்டாம்; போட்டி என்று அறிவித்த மறுநாளே பெற்றோர் கடைக்குப் போய்விடுவார்கள். எட்டாம் வகுப்பார் செய்ததை ஆறாம் வகுப்பாருக்குக் காட்டட்டும். ஆறாம் வகுப்பார் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கட்டும். வாளிபோல் இறங்கிய முதற் பந்தையும் கிழித்து எறிய வேண்டாம். திருத்தி வரைந்த பந்துக்குப் பக்கத்தில் அதையும் சுவரில் ஒட்டி, கீழே இரண்டின் இடைவெளிகளையும் சென்ரிமீற்றரில் எழுதி வையுங்கள்.