தப்பு யாருடையது என்று கேட்காத விவாகரத்து: அமெரிக்காவில் ஏன் மறுபடியும் எதிர்ப்பு?

'எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.' அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்களில் விவாகரத்து கேட்க இந்த ஒரு காரணம் போதும். கணவனோ மனைவியோ தப்பு செய்ததாக கோர்ட்டில் நிரூபிக்கத் தேவையில்லை. இதைத்தான் 'நோ-ஃபால்ட்' விவாகரத்து என்கிறார்கள். குடும்பச் சட்டம் அங்கே மாகாணத்துக்கு மாகாணம் மாறும். ஆனாலும் ஏதோ ஒரு வடிவில் இந்த வழி எல்லா இடத்திலும் உண்டு. இப்போது இதை எடுத்துவிடச் சொல்லும் குரல்கள் கிளம்பியிருக்கின்றன. 2024-ல் ஓக்லஹோமா செனட்டில் அதற்கென ஒரு மசோதாவே தாக்கலானது, நிறைவேறவில்லை.

விவாகரத்து சுலபமாகிவிட்டதால்தான் குடும்பங்கள் உடைகின்றன என்பது அவர்கள் வாதம். சரி, அது கஷ்டமாக இருந்த காலத்தில் என்ன நடந்தது? நியூயார்க்கில் 1960-களின் நடுப்பகுதி வரை விவாகரத்துக்குச் செல்லுபடியான ஒரே காரணம், திருமணத்துக்கு வெளியேயான உறவு. அதனால் பிரிய முடிவெடுத்த தம்பதிகளே ஓட்டலில் ரூம் போட்டு, காசு கொடுத்து ஒரு பெண்ணை வரவழைத்து, கணவனோடு உட்காரவைத்து போட்டோ எடுத்தார்கள். கோர்ட்டுக்கு அதுதான் சாட்சி! வசதி இருந்தவர்கள் நெவாடாவில் ஆறு வாரம் தங்கி, அங்கேயே விவாகரத்து வாங்கித் திரும்பினார்கள்.

இந்தப் பொய்க்கு முதலில் முற்றுப்புள்ளி வைத்த பெரிய மாகாணம் கலிஃபோர்னியா. 1969-ல் சட்டத்தில் கையெழுத்திட்ட கவர்னர், பிற்பாடு அதிபரான ரொனால்ட் ரீகன். அவரே விவாகரத்தானவர்தான். கடைசியாக வந்தது நியூயார்க், 2010-ல்.

இதன் பலன் யாருக்கு? பொருளாதார அறிஞர்கள் பெட்சி ஸ்டீவன்சனும் ஜஸ்டின் வுல்ஃபர்ஸும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் மட்டுமே கேட்டாலும் விவாகரத்து கிடைக்கும் மாகாணங்களில் பெண்களின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. குடும்ப வன்முறையும் சுமார் 30 சதவீதம் குறைந்தது. காரணம் புரியாததல்ல. நாலு சுவருக்குள் விழும் அடிக்கு சாட்சி கிடையாது. 'இவள் கிளம்பிவிடுவாள்' என்று தெரிந்தால்தான் ஓங்கிய கை யோசிக்கும்.

வீட்டைப் பார்த்துக்கொண்டே வேலையை விட்டவர்கள் பிரிந்த பிறகு பணமில்லாமல் தவிப்பதும் உண்மைதான். அதற்கு ஜீவனாம்சத்தையும் சொத்துப் பங்கீட்டையும் சரிசெய்யணும். வாசலைப் பூட்டினால் தீராது.

கடினமான சட்டம்தான் வேணும் என்பவர்களுக்கு லூசியானாவில் 1997 முதலே ஒரு வழி இருக்கிறது. 'கவனன்ட்' திருமணம் செய்துகொண்டால் பிரிவது எளிதல்ல. அரிசோனாவும் ஆர்கன்சாவும் அதைப் பின்பற்றின. இத்தனை வருஷத்தில் அதைத் தேர்ந்தெடுத்த ஜோடிகள் மிகச் சிலரே.