உலை போயிற்று, கழிவு போகவில்லை!

அமெரிக்க நாட்டிலே, சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் சீயோன் என்றோர் ஊர். பெயர் வேதாகமத்துப் பெயர்தான். வாழ்வோரோ நம்மைப்போல் உழைத்து, வரி கட்டி, நாளைக் கடத்தும் எளியோர். 1973 முதல் அங்கே அணுமின் நிலையம் ஓடிற்று. 1998இல், ஆதாயம் இல்லையென்று கண்ட முதலாளிகள் மூடிவிட்டனர்.

நிலையம் நின்றதும் அணைந்தது விளக்கல்ல, ஊரின் அடுப்பு! ஊருக்கு வந்த வரியில் ஏறத்தாழப் பாதி அந்த நிலையம் கட்டியது. அது போகவே, எஞ்சியோரின் வீட்டுவரி ஏறிற்று.

2010இல் இடிப்பு தொடங்கிற்று. கதிரியக்கம் படிந்த இடிபாடுகள் ரயிலேறி யூட்டா மாநிலத்துப் பாலைவனம் சென்றன. செலவு யாருடையது? மின்கட்டணத்தோடு மக்களிடம் வாங்கிச் சேர்த்த நிதி! 2023இல் அணு ஒழுங்குமுறை ஆணையம் நிலத்தின் பெரும்பகுதியை விடுவித்தது, எப்பயனுக்கும் ஏற்றதாம்.

விடுவித்துவிட்டார்களாம்! அதே கரையில் நிற்கின்றன 61 பீப்பாய்கள். உள்ளே எஃகு, வெளியே கான்கிரீட், நடுவே எரிந்து தீர்ந்த யுரேனியக் கோல்கள். சுற்றிலும் வேலி, ஆயுதக் காவல். அவை கசிகின்றன என்று நாம் பீதி கிளப்பவில்லை. பொய்யைத் துணைக்கழைக்கும் அவசியம் நமக்கில்லை. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவன் வந்து கடை திறப்பான், தொழிற்சாலை கட்டுவான் என்றுதான் கேட்கிறோம்.

1998 ஜனவரி 31 முதல் கழிவை எடுத்துக்கொள்வதாக மத்திய அரசு வாக்களித்திருந்தது. நிலையம் மூடிய அதே ஆண்டு, தோழர்களே! அதற்கென யூனிட்டுக்குப் பத்தில் ஒரு சென்ட் வீதம் 2014 வரை வசூலும் நடந்தது. 1987இல் நெவாடாவின் யக்கா மலையைக் குறித்தார்கள், அம்மாநிலம் எதிர்த்தது, 2010இல் ஒபாமா அரசு கைவிட்டது. நிரந்தரக் கிடங்கு இன்றுவரை இல்லை.

வாக்குத் தவறிய அரசு நட்ட ஈடு தருகிறது, கோடி கோடி டாலராக. யாருக்கு? மின் நிறுவனங்களுக்கு! கழிவைக் காவல் காத்த செலவாம். அந்தக் கழிவோடு குடித்தனம் நடத்தும் ஊருக்கு அதில் பங்கில்லை.

நான்கு மூட்டை நெல்லைக் கிடங்கில் போட்டாலே நம்மூர் மண்டிக்காரர் வாடகை கேட்பார். சீயோன் நகரத்தார் கேட்பதும் அதுதான். கழிவை எடுத்துச் செல்லுங்கள். எடுக்கும்வரை ஊருக்கு வாடகை கொடுங்கள். நாம் ஒன்று சேர்த்துச் சொல்வோம்: அந்த ஏரிக்கரையில் பூங்காவா, பட்டறையா, வீடா என்பதை நிறுவனத்தின் அறையில் அல்ல, ஊரார் கூடிய மன்றத்தில் முடிவு செய்யுங்கள்.