நிச்சயம் செய்துவிட்டு ஜாதகம் பார்ப்பதா?

அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் தொண்டராகச் சேர விண்ணப்பித்தவருக்கு ஒருநாள் அழைப்பு வருகிறது. இன்ன நாடு, இன்ன வேலை, இன்ன மாதம் புறப்பாடு. சம்மதமா இல்லையா என்று சொல்ல அவருக்குத் தரப்படுவது மூன்றே நாள். சம்மதம் சொன்ன பிறகு, அவர் உண்மையிலேயே போகப்போகிறாரா என்பதை முடிவுசெய்ய அமைப்பு எடுத்துக்கொள்வதோ மாதக்கணக்கு. மருத்துவ அனுமதி வர வேண்டும், சட்ட அனுமதி வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அழைப்பு ரத்து. அதற்குள் அந்த இளைஞர் வேலையை விட்டிருப்பார். வாடகை வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்திருப்பார். மேற்படிப்புக்குக் கிடைத்த இடத்தையும் வேண்டாமென்று சொல்லியிருப்பார். தாம்பூலம் மாற்றி, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிய பிறகு ஜாதகத்தைக் கையில் எடுக்கும் வேலை இது. வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சோதனையே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. பயிற்சி மூன்று மாதம், பணி இரண்டு ஆண்டு என மொத்தம் 27 மாதங்கள். தொண்டர் தங்கும் ஊரிலிருந்து நல்ல மருத்துவமனைக்குப் போக ஒரு பகல் முழுக்கப் பேருந்தில் உட்கார வேண்டியிருக்கலாம். சில மலேரியா மருந்துகள் ஜி6பி.டி. என்னும் நொதி குறைவாக உள்ளவரின் ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். அதைப் பார்த்தே ஆக வேண்டும். பல்லைப் பார்க்கட்டும், நுரையீரலைப் பார்க்கட்டும். எப்போது பார்ப்பது என்பதில்தான் நமக்குச் சண்டை. விண்ணப்பித்த சூட்டோடு உடல்நல வரலாற்றைக் கேள்வி கேள்வியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எந்த நாட்டில் எந்த நோய்க்கு வைத்திய வசதி இல்லை என்று நாடுவாரியாக அவர்களே பட்டியலும் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்பை மட்டும் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுவதற்கு என்ன நியாயம்?

அமெரிக்கக் குடிமக்களாகிவிட்ட நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். ஊரில் பிறந்து, தோளில் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசித் தழும்போடு வந்த ஒருவருக்குத் தோலில் ஊசி போட்டுக் காசநோய் பார்த்தால், நோய் இல்லாமலே வீங்கிச் சிவந்துவிடலாம். ரத்தப் பரிசோதனை செய்தால் தெளிந்துவிடும் சங்கதி இது. ஆனால் அதற்கு இன்னொரு மருத்துவர், இன்னொரு கட்டணம், இன்னும் சில வாரம். பல ஆண்டுகளாக இந்தச் செலவில் ஒரு வரம்பு வரைக்குமே அமைப்பு திருப்பித் தந்தது. மிச்சம் விண்ணப்பித்தவர் தலையில். சட்ட அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்குப் போய், பத்து விரலையும் மையில் உருட்டி, அட்டையில் பதித்துத் தபாலில் அனுப்பியவர்களைக் கேளுங்கள். ஒரு விரல் இழுவிப் போனதென்று அட்டை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. இதற்கிடையில் கோயிலில் பார்க்கிறவர்களெல்லாம் "பொண்ணு எப்ப கிளம்பறா?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குப் பதில் தெரியாது. பெண்ணுக்கும் தெரியாது. கோப்பு யார் மேஜையில் இருக்கிறதென்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது மனநலம் பற்றிய அணுகுமுறை. கல்லூரிக் காலத்தில் ஆலோசகரிடம் சில மாதம் போனதையோ, பதற்றத்துக்கு மாத்திரை எடுத்ததையோ ஒளிக்காமல் எழுதியவர்களில் சிலருக்கு, அழைப்பு வந்த பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டை அமெரிக்க அரசு அமைப்புகளுக்கு 1973-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. உண்மை சொன்னவர் வீட்டில் உட்கார, மறைத்தவர் விமானம் ஏறுவார் என்றால், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிறவர் எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்? இதில் தொண்டரின் பாதுகாப்பும் போகிறது, அமைப்பின் பாதுகாப்பும் போகிறது.

வேலை அதிகம், ஆள் குறைவு என்ற சால்ஜாப்பை ஏற்க முடியாது. 1961 மார்ச் 1-ஆம் தேதி அதிபர் கென்னடி இந்த அமைப்பைத் தொடங்கும் ஆணையில் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 30-ஆம் தேதி முதல் அணி கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கி, வரவேற்க வந்தவர்கள் முன்னால் அந்நாட்டு ட்வி மொழியில் பாடியது. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அமைப்பையே எழுப்பி, ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து அனுப்ப முதல் இயக்குநர் சார்ஜண்ட் ஷ்ரைவருக்கு ஆறு மாதம் போதுமாக இருந்தது. 1966-இல், பின்னாளில் அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் 68 வயதில் பம்பாய்க்குப் பக்கத்து விக்ரோலிக்குச் செவிலியராக வந்து சேர்ந்தார். அந்த வயதுக்காரரையே நம்பி அனுப்பிய அமைப்புதான் இது.

திருத்திக்கொள்ளத் தெரியாதவர்களும் அல்லர். பழைய விண்ணப்பம் அச்செடுத்தால் 60 பக்கம், நிரப்ப எட்டு மணி நேரம். எந்த நாடு என்பதும் விண்ணப்பித்தவர் கையில் இல்லை. 2014-இல் இயக்குநர் கேரி ஹெஸ்லர் ராடலெட் அதை ஒரு மணி நேர வேலையாகக் குறைத்து, நாட்டையும் பணியையும் விண்ணப்பிப்பவரே தேர்ந்தெடுக்கலாம் என்றார். முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும் என்பதையும் முன்கூட்டியே அறிவிக்கச் செய்தார். மறு ஆண்டே விண்ணப்பங்கள் ஏறக்குறைய 23,000. நாற்பது ஆண்டுகளில் காணாத எண்ணிக்கை. வாசல் கதவை அகலத் திறந்தவர்கள் உள்கதவை அப்படியே விட்டுவிட்டார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 தொண்டர்களைத் திருப்பி அழைத்ததைக் குறை சொல்ல மாட்டோம். மறுபடி ஜாம்பியாவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் ஆட்கள் போனது 2022 மார்ச்சில். வெளிநாட்டுக் களத்தில் ஒரு தொண்டரும் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகள் இந்த வரிசையைச் சீர்செய்யக் கிடைத்த அருமையான வாய்ப்பு. அதையும் கோட்டை விட்டார்கள்.

எனவே பீஸ் கோர் இதைச் செய்தாக வேண்டும். உடல்நல வரலாற்றைப் படித்துத் தகுதியை முடிவுசெய்த பிறகே அழைப்பு போக வேண்டும். அதன்பின் நடக்கும் பரிசோதனையில் புதிதாக ஏதும் தெரியவந்தால் ஒழிய அதைத் திரும்பப் பெறக் கூடாது. அப்படிப் பெற்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்குப் புறப்பாட்டுத் தேதிக்கு முன்பே பதில் கிடைக்க வேண்டும். விண்ணப்பித்தவருக்கு மூன்று நாள் கெடு வைக்கும் அமைப்பு தனக்கும் ஒரு கெடுத் தேதி வைத்து அதை வெளியில் சொல்ல வேண்டும். அமைப்பே கேட்கும் பரிசோதனைக்கு அமைப்பே பணம் கட்ட வேண்டும். மனநல சிகிச்சை பெற்றதாலேயே அழைப்பை இழந்தவர்களின் கோப்புகளை, அவர்கள் மீண்டும் மனுப் போடக் காத்திராமல், தானே எடுத்துப் பார்க்க வேண்டும். செலவுக்கு வேண்டுமானால் அமெரிக்கக் காங்கிரஸிடம் நிதி கேட்கட்டும். மற்றவற்றை 2014-இல் செய்ததைப் போல இயக்குநரே செய்துவிடலாம். அடுத்த அணிக்கான அழைப்புகள் போவதற்கு முன் அந்த உத்தரவு வெளிவர வேண்டும்.