காதும் கருவியும்

சில மாதங்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் நாம் ஒரு காரியம் செய்தோம். நண்பர் ஒருவர் இல்லத்தில் புதிதாக வந்திருந்த ஆம்ப்ளிபயர் ஒன்றின் மூலம் ஸங்கீதம் கேட்டுவிட்டு, வீணை வித்வான் எதிரிலேயே உட்கார்ந்து வாசிப்பது போல் இருந்தது என்றும், நம் வீடுகளிலுள்ள பழைய பெட்டிகள் இதன் முன் நிற்கமாட்டா என்றும் தாராளமாக எழுதிவிட்டோம். எழுதுகிறவர்களுக்குத் தாராளம் சுலபம்; காசு கொடுக்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். நம்முடன் வேலை பார்க்கும் ஆசிரியத் தோழர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, சேமநல நிதியிலிருந்து கடன் எடுத்து, அதே ரக ஆம்ப்ளிபயரை வாங்கிவிட்டார். இச்செய்தி எட்டியபோது நமக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தோழர் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்தார். பழைய ஆம்ப்ளிபயரையும் புதியதையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, "எப்படி ஸார்?" என்று கேட்டார்.

"சந்தேகம் என்ன? மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!" என்றோம்.

அவருடைய குமாரி பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள். "மாமா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, ஒரே ஸ்வரத்தை இரண்டு ஆம்ப்ளிபயர்களின் வழியாகவும் ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கரின் முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தாள். புதியது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அதிக வோல்ட்டேஜ் கொடுத்துக்கொண்டிருந்தது. கணக்கில் இது 1 டெசிபல். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் காது 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்வதில்லை. 'தெளிவு அதிகம், உயிர் அதிகம்' என்றே எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர்கள் இந்த ரகசியத்தை நெடுநாளாக அறிவார்கள்.

பெண் இரண்டையும் சமப்படுத்தினாள். ஒரு போர்வையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு தடவையும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அது சொன்னபடி இரண்டில் ஒன்றை இணைத்தாள். கேட்பது பழையதா, புதியதா என்று நாம் காகிதத்தில் எழுதவேண்டும். இப்படி 16 தடவை. நாம் சரியாகச் சொன்னது 9. தோழர் சொன்னது 7. ஒன்றும் கேட்காமல் நாமும் நாணயத்தைச் சுண்டி எழுதியிருந்தாலே, 9 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. 12 சரியாக இருந்திருந்தால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே என்று சொல்லி நாம் தலை நிமிர்ந்திருக்கலாம். மலையும் மடுவும் ஒரு போர்வைக்குப் பின்னால் மறைந்துவிட்டன!

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கும் தெரிந்த விஷயம். ஆகவே நாமும் தீர விசாரிக்கப் புகுந்தோம்.

கருவிகளின் கட்சியைச் சேர்ந்தவர்கள் முதலில் காட்டும் பெயர் ஹரால்டு பிளாக். பெல் ஆராய்ச்சிச்சாலையில் வேலை பார்த்த இவர், 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை ஹட்ஸன் நதியைப் படகில் கடக்கும்போது, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பக்கத்திலேயே ஒரு படம் வரைந்தார். ஆம்ப்ளிபயரிலிருந்து வெளிவருவதில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிட்டால், அது செய்யும் பிழையை அதுவே திருத்திக்கொள்ளும் என்பது அவர் கண்ட யுக்தி. அந்த யுக்தியைப் பயன்படுத்தி இங்கிலாந்தில் வில்லியம்ஸன் என்பவர் 1947-இல் வெளியிட்ட ஆம்ப்ளிபயரில், ஒலிச் சிதைவு நூற்றில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சிதைவின் எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயர்ந்த ஆம்ப்ளிபயர் என்ற எண்ணம் அதன்பின் பரவியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த எண் ஏமாற்றவும் கூடும். ஆரம்ப காலத்து டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயர்களில், அலையின் மேற்பாதியை ஒரு டிரான்ஸிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமந்தன. சுமை கைமாறும் இடத்தில் ஒரு சிறு தடுக்கல் ஏற்பட்டது. முழுச் சக்தியில் அளந்தபோது, பெரிய அலைக்கு நடுவில் அந்தத் தடுக்கல் அற்பமாகத் தோன்றியது. எண்ணும் அழகாக வந்தது. வீட்டிலோ மெல்லிய ஒலியில்தானே கேட்கிறோம்! சிறிய அலையில் அதே தடுக்கல் பெரிய பங்காகி, தம்பூராவின் மீட்டில் மணலைத் தூவியது போல் ஆயிற்று. கேட்டவர்கள் குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னது வாஸ்தவம். எல்லாச் சிதைவும் ஒரே மாதிரி உறுத்துவதில்லை என்பதையும், மூல ஒலியிலிருந்து எட்டி நிற்கும் மேலொலிகளே அதிகம் உறுத்தும் என்பதையும், பி.பி.ஸி.யைச் சேர்ந்த ஷார்ட்டர் என்பவர் 1950-லேயே எடுத்துக்காட்டி, அவற்றுக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆகவே அன்றைய குற்றம் அளப்பதில் இல்லை; எதை, எந்த நிலையில் அளப்பது என்று தெரியாததில் இருந்தது.

இனி மறு கட்சிக்கு வருவோம். வால்வுக்கும் டிரான்ஸிஸ்டருக்கும் நடந்த வழக்கில், 1978-இல் இங்கிலாந்தின் வயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகை ஒரு சோதனையை வெளியிட்டது. குவாட் கம்பெனியாரின் ஒரு வால்வு ஆம்ப்ளிபயரும் இரண்டு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபயர்களும் பந்தயத்துக்கு வந்தன. எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்ட ரஸிகர்களால், தற்செயலுக்கு மேல் அவற்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இதைவிட ருசியானது 1985-இல் அமெரிக்காவில் நடந்தது. செவியே பிரமாணம் என்ற கொள்கையுடைய ஸ்டீரியோபைல் பத்திரிகையாரிடம் பாப் கார்வர் என்ற நிபுணர், உங்களுக்குப் பிடித்த விலையுயர்ந்த ஆம்ப்ளிபயரைப் போலவே என்னுடைய மலிவான ஆம்ப்ளிபயரை ஒலிக்கச் செய்கிறேன் என்று சவால் விட்டார். இரண்டுக்கும் ஒரே ஸங்கீதத்தைக் கொடுத்து, வெளிவருவதில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார். மிச்சம் நின்ற ஒலிதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதைப் படிப்படியாகக் குறைத்து, சுமார் 70 டெசிபல் கீழே, அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டார். பத்திரிகையாரும் தங்களால் பிரித்தறிய முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

இதில் பாடம் இரு பக்கத்தாருக்கும் உண்டு. ரஸிகர்கள் கேட்ட இனிமை கற்பனையல்ல. ஆனால் அது கருவிக்கு எட்டாத மாயமும் அல்ல. சில வால்வு ஆம்ப்ளிபயர்களின் உள்தடை 2 ஓம் அளவு இருக்கும். ஸ்பீக்கரின் தடையோ ஓரிடத்தில் 6 ஓம், வேறோரிடத்தில் 30 ஓம் என்று ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். கணக்குப் போட்டால் சில ஸ்வரங்கள் மற்றவற்றைவிடச் சுமார் 2 டெசிபல் தூக்கி ஒலிக்கும். அதைக் காது நன்றாகக் கேட்கும். கருவியும் நன்றாக அளக்கும். அது பிடிக்கிறதா என்பது மாத்திரம் ரஸிகரின் சுதந்திரம்.

பொதுத் தேர்வு விடைத்தாள்களை நம்மிடம் கொடுக்கும்போது, மாணவனின் பதிவு எண்ணை மறைத்து வேறோர் எண்ணைப் போட்டுக் கொடுக்கிறார்கள். இதனால் நம்மை யோக்கியதையற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் தெரிந்தால் பேனா தானே ஒரு பக்கம் சாயும் என்பதை அறிந்துதான் இந்த ஏற்பாடு. காதுக்கும் அதே மரியாதையைச் செய்வோம். மதிப்பெண் போடவேண்டியது காதுதான். ஆனால் விலைச் சீட்டும் பொன்முலாமும் அதன் கண்ணில் படக்கூடாது.

அன்று மாலை புறப்படும்போது தோழரின் முகத்தைப் பார்க்க நமக்குத் தைரியம் வரவில்லை. அவருடைய குமாரிதான் வெறுந்தரையைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பெரிய பவானி ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் விரித்தாள். இன்னொன்றை எதிர்ச் சுவரில் தொங்கவிட்டாள். வீணை மறுபடி ஒலித்தது. எதிரொலி அடங்கி, ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாக நின்றது. திரையோ நாணயமோ தேவைப்படவில்லை, அடுப்பங்கரையிலிருந்த தோழரின் மனைவிகூட, "இப்போது என்ன செய்தீர்கள்?" என்று எட்டிப் பார்த்தார்.

"ஜமக்காளத்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லையே, ஸார்!" என்று தோழர் சிரித்தார். அவர் சிரித்தது அவருடைய பெருந்தன்மை. அவருக்குக் கடன் இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது. ஆகையால், அன்று இந்தப் பகுதியில் எழுதிய புகழ்ச்சியை இன்று இதே இடத்தில் வாபஸ் வாங்கிக்கொள்கிறோம். இனி எந்தப் பெட்டியைப் பற்றி எழுதுவதானாலும், முதலில் அந்தப் பெண்ணின் போர்வைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்த பிறகே எழுதுவோம்.