கேட்டதும் நம்பலாமோ?

பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஜகாத் தர மறுத்துப் படை திரட்டுகின்றனர் என்றொரு செய்தி மதீனாவை எட்டிற்று. கொணர்ந்தவரோ அவர்களைக் காணாமலே அஞ்சிப் பாதி வழியில் திரும்பியவர். அவ்வேளையில்தான், வந்த செய்தியைத் தீர விசாரியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அருளப்பெற்றதென விரிவுரையாளர் பலர் எழுதுவர்.

2020ஆம் ஆண்டில் நாம் இதனை அடிக்கடி நினைவுகூர்ந்தோம். டில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் சென்று வந்தோரைக் கொரோனாவைப் பரப்பியவர்களெனத் தொலைக்காட்சிகள் தூற்றியபோது நாம் பட்ட வேதனை சிறிதன்று. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அந்த வெளிநாட்டினர் பலியாடுகளாக்கப்பட்டனர் எனக் கூறி, ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தது. பிறர் விஷயத்தில் அவ்வசனத்தை நினைத்தோமா என்பதே என் வினா.

நம் பூந்தமல்லியையே எடுத்துக்கொள்வோம். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மாபாதகம், அதில் இரண்டு கருத்தில்லை. வழக்கு பூந்தமல்லித் தடா நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் நடந்தது. அம்பத்தூர், ஆவடித் தேநீர்க் கடைகளில் பத்திரிகை படித்தோர் அறிந்தவை பெரும்பாலும் புலனாய்வினர் வெளியிட்டவையே. எனினும் தீர்ப்பளிக்க நாம் தயங்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நாளிதழை விரித்து, படங்களைச் சுட்டி "இவன்தான்" என்றவர்களில் நானும் ஒருவன். 1998 ஜனவரி 28இல் 26 பேருக்கும் தூக்கு என்றதும் சரிதான் என்றோம். 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தூக்கு உறுதியானது நால்வருக்கே.

பின்னர் மக்கள் மனமும் மாறிற்று, பத்திரிகைகளும் மாறின. 2011 ஆகஸ்டில் மூவரின் தூக்கைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. பேரறிவாளனின் தாயார் அற்புதம்மாளின் துயரம் பக்கம் பக்கமாய் அச்சேறிற்று. வாசகர் விரும்புவதைப் பத்திரிகை தருகின்றதா, பத்திரிகை தருவதை வாசகர் விரும்புகின்றனரா? இரண்டும் உண்மையென்றே எனக்குத் தோன்றுகிறது. சினமும் இரக்கமும் இருபுறமும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆனால் விசாரித்தறிதல்? பேரறிவாளனின் வாக்குமூலத்தைச் சொல்லுக்குச் சொல் பதியவில்லை என்று, பதிந்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஓய்வுபெற்றபின் ஒப்புக்கொண்டது 2013இல்தான். 2022 மே மாதம் பேரறிவாளன் விடுதலையானார்.

அடியார்க்கிழைத்த குற்றத்தை அவ்வடியாரே மன்னிக்க வேண்டும் என்பர் ஆலிம்கள். அந்த 19 பேரிடம் நாம் எவரும் சென்று கேட்டதில்லை.